டக்டால்பென், ஹாம்பர்க்: ஒரு ஃபீடர் கப்பல்காரனின் மதிப்பீடு

ஹாம்பர்க் துறைமுகத்தின் வால்டர்ஸ்ஹோஃப் பகுதியில், கன்டெய்னர் முனையங்களுக்கு நடுவே மாலுமிகளுக்கென்று ஒரு கிளப் இருக்கிறது. பெயர் டக்டால்பென். கப்பலைக் கயிற்றால் கட்டி நிறுத்துவதற்காகத் தண்ணீருக்குள் அடித்து நிறுத்தும் தூண்களை ஜெர்மன்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். 1986ல் தொடங்கிய இடம். ஜெர்மன் மாலுமிகள் மிஷன் நடத்துகிறது.

நான் தூத்துக்குடிக்காரன், செகண்ட் இன்ஜினியர். 2025ல் ஒரு ஃபீடர் கப்பலில் ஆறு மாதம் ஓடியபோது பதினோரு தடவை அங்கே போனேன். 2019லும் 2020லும் வேறு கப்பல்களில் ஹாம்பர்க் வந்தபோதும் அந்த இடத்தோடு பழக்கம் உண்டு. கப்பலுக்குப் புதிதாகப் போகிற ஊர்த் தம்பிகள், "அண்ணே, அங்க என்ன இருக்கு, போகலாமா?" என்று கேட்கிறார்கள். காபி எப்படி, நாற்காலி எப்படி என்று மட்டும் சொன்னால் அது சரியான பதிலாக இருக்காது. எங்கள் கப்பலில் மொத்தம் பதினைந்து பேர். கேப்டனும் சீஃப் இன்ஜினியரும் போலந்து, சீஃப் ஆபீசர் உக்ரைன், நான் ஒருவன் தமிழன், மீதி பதினொரு பேரும் ஃபிலிப்பினோக்கள். அந்தப் பதினொரு பேருக்கு அந்த இடம் என்ன செய்தது என்பதை வைத்துத்தான் என்னால் மதிப்பெண் போட முடியும். உலகத்தில் வணிகக் கப்பல்களில் இருக்கிற பத்தொன்பது லட்சம் பேரில் அவர்கள் நாட்டுக்காரர்கள்தான் முன்வரிசை. டெக்கிலும் இன்ஜின் ரூமிலும் கயிறு பிடிக்கிற, எண்ணெய் துடைக்கிற, சோறு ஆக்குகிற வேலைகளுக்குப் போனால் எந்தக் கொடி பறக்கிற கப்பலானாலும் "கபாயன்" என்று கூப்பிடுகிற குரல் கேட்கும். நம் பக்கத்தில் 'ஊர்க்காரரே' என்கிறோமே, அதுதான்.

முதலில் நாங்கள் எந்த நிலையில் அந்த வாசலுக்குப் போய்ச் சேர்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். பெரிய கப்பல்கள் ஹாம்பர்க்கில் இறக்கும் பெட்டிகளைச் சின்னத் துறைமுகங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஃபீடரின் வேலை. பால்டிக் பக்கம் இரண்டு மூன்று துறைமுகம் சுற்றிவிட்டுத் திரும்பும்போது கீல் கால்வாய் வரும். 98 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். அது முடிந்ததும் ப்ருன்ஸ்பூட்டலில் எல்பே நதிக்குள் நுழைந்து மேலே ஏற வேண்டும். அந்த நேரம் முழுக்க இன்ஜின் ரூமில் ஸ்டாண்ட்பை, அதாவது எந்த நொடியும் தயாராக நிற்க வேண்டும். நானும் இன்ஜின் ரூம் உதவியாளரான ஆயிலரும் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தபடியே சாப்பிடுவோம். ஹாம்பர்க் வந்த பிறகாவது தூங்கலாமா என்றால், ஃபீடர் ஒரே முனையத்தில் நிற்காது. இங்கே முப்பது பெட்டி, அங்கே எண்பது பெட்டி என்று முனையம் முனையமாக நகரும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னாலும் பின்னாலும் கயிறு பிடிக்க டெக் ஆட்கள் எல்லோரும் எழுந்து வர வேண்டும். இரவு ஒரு மணிக்கு ஒன்று, காலை ஐந்து மணிக்கு ஒன்று, மதியம் இன்னொன்று.

கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. 2006ல் நிறைவேறி, 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அது நடைமுறைக்கு வர முப்பது நாடுகள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. முப்பதாவது நாடாக ஏற்றுக்கொண்டது ஃபிலிப்பைன்ஸ்தான். அந்த ஒப்பந்தப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, ஏழு நாளில் 77 மணி நேரம். அந்தப் பத்து மணி நேரத்தை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, ஒரு துண்டாவது ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். எங்கள் கப்பலின் ஓய்வு நேரப் பதிவேட்டில் எல்லா நாளும் அப்படித்தான் எழுதியிருந்தது. கப்பலில் எந்த நாளும் அப்படி நடக்கவில்லை. ஆயிலருடைய தாளில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கணினியில் உண்மையான நேரத்தைப் போட்டால் சிவப்புக் கட்டம் வரும், அலுவலகத்தில் இருந்து கேள்வி வரும், கேள்விக்குப் பதில் 'சரியாகத் திட்டமிடுங்கள்' என்று வரும். ஆள் மட்டும் கூடுதலாக வராது. அந்தக் கையெழுத்துகள் இன்றைக்கும் என் மனத்தை உறுத்துகின்றன.

எல்பேயில் ஏறும்போது வேடல் என்ற ஊர்க்கரையில் கப்பல்களை வரவேற்கும் நிலையம் ஒன்று உண்டு. 1952 முதல் நடக்கிறது. பகலில் கடக்கும் கப்பல்களுக்கு, அந்தக் கப்பலின் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டின் தேசிய கீதத்தை ஒலிபெருக்கியில் போடுவார்கள். எங்கள் கப்பலில் லைபீரியக் கொடி. ஒரு தடவை ஸ்டாண்ட்பைக்கு நடுவே மூச்சு வாங்க மேலே வந்து நின்றேன். கரையில் குடும்பங்கள் நின்று கையசைக்க, லைபீரியாவின் கீதம் ஆற்றின் மேல் மிதந்து வந்தது. பக்கத்தில் நின்ற, டெக் ஆட்களுக்குத் தலைவரான போசன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "எங்கள் பாட்டு ஒரு நாளும் வராது, செகண்ட்" என்றார். கப்பலுக்குச் சொந்தக்காரர் ஒரு நாட்டில், கொடி இன்னொரு நாட்டில், ஆள் எடுக்கும் ஏஜென்சி மணிலாவில். சம்பளத்தில் குறை வந்தால் இவர் எந்தக் கதவைத் தட்டுவது? அந்தக் கேள்வியோடுதான் ஒவ்வொரு ஃபிலிப்பினோவும் ஹாம்பர்க்கில் இறங்குகிறார்.

சரி, கிளப்புக்கு வருகிறேன்.

போன் செய்தால் வேன் வரும். கப்பலில் ஏறி இறங்கும் படியான காங்வே அருகிலேயே வந்து ஏற்றிக்கொள்வார்கள், திரும்பக் கொண்டுவந்தும் விடுவார்கள், காசு கிடையாது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கன்டெய்னர் முனையத்துக்குள் நடக்க அனுமதி இல்லை. ராட்சத வண்டிகள் ஓடும் இடங்கள் அவை, சில முனையங்களில் ஆளில்லாமலே ஓடும். வாகனம் இல்லையென்றால் கரைக்குப் போகும் அனுமதிச் சீட்டான ஷோர் பாஸ் கையில் இருந்தும் கப்பலை விட்டு இறங்க முடியாது. வேறொரு துறைமுகத்தில், பெயர் வேண்டாம், நாலு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு தனியார் வண்டிக்காரர் போக வர அறுபது யூரோ கேட்டார். சமையலறை உதவியாளரான எங்கள் மெஸ்மேன் கையில் எடுத்த ஜாக்கெட்டை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுப் போய் வெங்காயம் உரித்தார். டக்டால்பென் வேன் வந்த முதல் நாள் அவர்தான் முதலில் ஏறி உட்கார்ந்தார்.

அறுபது யூரோ ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதைத்தான் நம்மவர்கள் பலரும் புரிந்துகொள்வதில்லை. 'டாலரில் சம்பளம் வாங்குகிறான், ஒரு காபிக்கு யோசிக்கிறான்' என்று இந்திய ஆபீசர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். எங்கள் கப்பலில் ஏ.பி.யாக, அதாவது தேர்ச்சி பெற்ற டெக் மாலுமியாக இருந்த இருபத்தாறு வயதுப் பையன் தன் கான்ட்ராக்டை ஒரு நாள் எனக்குக் காட்டினான். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், மாதம் 673 டாலர். அந்த ஆண்டுக்கு ஏ.பி.க்கு உலக அளவில் வைத்திருந்த குறைந்தபட்சத் தொகையே அதுதான். அதற்கு மேல் ஒரு டாலர்கூட அவன் கம்பெனி தரவில்லை. மாதம் 103 மணி நேர ஓவர்டைம், லீவ் பே எல்லாம் சேர்த்தால் 1,270 டாலர் அளவுக்கு வரும். அதில் லீவ் பே இறங்கும்போதுதான் கைக்கு வரும். ஃபிலிப்பைன்ஸ் அரசின் மாதிரி ஒப்பந்தத்தில், மாலுமி தன் பேசிக்கில் குறைந்தது எண்பது விழுக்காட்டை மாதாமாதம் ஊரில் உள்ள ஒருவர் பெயரில் வங்கி வழியாக அனுப்பியே ஆக வேண்டும் என்று இருக்கிறது. 'அலாட்மென்ட்' என்பார்கள். வெளிநாட்டில் உழைக்கிறவர்கள் அந்நியச் செலாவணியைக் கட்டாயம் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர்களுடைய 1974ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே வந்துவிட்டது. கடலில் இருப்பவர்கள் மட்டும் ஆண்டுக்கு 600 கோடி டாலருக்கு மேல் அனுப்புகிறார்கள். நாடே அதை நம்பி நிற்கிறது.

673ல் எண்பது விழுக்காடு என்றால் 538 டாலர் 40 சென்ட். டாலருக்கு 58 பெசோ என்று வைத்தால் 31,000 பெசோவுக்குச் சற்று மேல். இலோயிலோ அருகே அவன் அம்மாவின் கணக்குக்குப் போகிறது. அதில் தங்கையின் நர்சிங் படிப்பு, அவனுடைய பயிற்சிச் சான்றிதழ்களுக்கு வாங்கிய கடன், பாட்டியின் மருந்து. ஓவர்டைம் பணத்தையும் பெரும்பகுதி வீட்டுக்கே எழுதிக் கொடுத்துவிட்டான். மாதம் 150 டாலரைத் தனக்கென்று வைத்திருந்தான். அதிலிருந்து சோப்பு, ஷேவிங் பிளேடு, இன்டர்நெட் கார்டுக்குக் கேப்டன் பிடித்தது போக, துறைமுகத்தில் இறங்கும்போது கையில் எண்பது தொண்ணூறு டாலர் இருக்கும். ஒன்பது மாதக் கான்ட்ராக்ட். இறங்கும் நாளில் ஊருக்குப் 'பசலூபோங்' கொண்டுபோக வேண்டும். பயணம் போய் வருகிறவர் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஏதாவது கொண்டு வர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வெறுங்கையோடு வாசல் மிதிப்பது அவர்களால் முடியாத காரியம். நம் வீடுகளிலும் அப்படித்தானே.

அந்தக் கையிருப்புக்குப் பொருந்துகிற கடை டக்டால்பென்னில் இருக்கிறது. சாக்லேட், பற்பசை, நூடுல்ஸ், சிம் கார்டு, சின்னச் சின்ன நினைவுப் பொருள்கள். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, காபி குடித்து, வீட்டுக்குச் சாக்லேட் வாங்கியும் பையன் பத்து யூரோவைத் தாண்டியதில்லை. எதையும் வாங்காமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் முகம் சுளித்ததில்லை. குளிர்காலத்தில் வெறும் மழைக்கோட்டோடு வந்த ஓ.எஸ்.ஸுக்கு (டெக்கில் ஏ.பி.க்குக் கீழே உள்ள மாலுமி) ஒரு பாட்டி கம்பளித் தொப்பி ஒன்றைக் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார். அங்கே வேலை செய்கிறவர்களில் பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

உள்ளே பில்லியர்ட்ஸ் இருக்கிறது, புத்தகங்கள் இருக்கின்றன, பாட்டுப் பாட மைக் இருக்கிறது. ஃபிலிப்பினோக்கள் இருக்கிற இடத்தில் மைக் சும்மா இருக்காது. நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசாத எங்கள் சமையல்காரர் அங்கே கண்ணை மூடிக்கொண்டு பாடும் குரலைக் கேட்டபோது, நாலு மாதம் ஒரே கப்பலில் இருந்தும் இவரை எனக்குத் தெரியவில்லையே என்று தோன்றியது.

மாடியில் ஓர் அமைதி அறை உண்டு. ஒவ்வொரு மதத்துக்கும் ஒரு மூலை. சிலுவை, குர்ஆன், புத்தர், நம் சாமி படங்களும் கூட. செப்டம்பரில் போசனின் அம்மா இறந்துபோனார். ஊருக்குப் போகவில்லை. ஃபிலிப்பைன்ஸ் அரசின் மாதிரி ஒப்பந்தப்படி மாலுமி தானாகக் கேட்டு இடையில் இறங்கினால் பயணச் செலவு அவருடையது. அவருக்குப் பதிலாக வருகிறவரின் பயணச் செலவும் அவர் தலையில். துக்கக் காரியம் என்றால் பதில் ஆளின் செலவைக் கம்பெனி ஏற்கலாம், ஏற்றே ஆக வேண்டும் என்று இல்லை. போசன் கணக்குப் போட்டுப் பார்த்தார். அம்மாவின் அடக்கச் செலவுக்கு வைத்த பணமும் விமானத்துக்கே போய்விடும் என்று தெரிந்தது. அடுத்த ஹாம்பர்க்கில் வேனில் ஏறியவர் கீழே யாரிடமும் பேசாமல் நேராக அந்த அறைக்குப் போனார். ஒன்றரை மணி நேரம். நான் படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தேன். மேலே போய் அவரை யாரும் எழுப்பவில்லை, என்ன ஏதென்று யாரும் கேட்கவில்லை. கப்பலில் அப்படி ஒன்றரை மணி நேரம் அவருக்குக் கிடைத்திருக்காது. அவர் கேபினுக்கு வெளியே எப்போதும் யாராவது 'போஸ்' என்று தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

கிளப்பின் மிகப் பெரிய பயன் என்று நான் நினைப்பது வேறு. ஜன்னல் ஓரத்தில் ஒரு பெரிய மேசை. வெவ்வேறு கப்பல்களில் இருந்து வரும் ஃபிலிப்பினோக்கள் எல்லோரும் கடைசியில் அங்கே வந்து சேர்வார்கள். எந்தக் கம்பெனி அலாட்மென்ட்டைத் தேதிக்கு அனுப்புகிறது, எது இழுத்தடிக்கிறது, எந்த ஏஜென்சி டாலரைப் பெசோவாக மாற்றும்போது விலையில் கை வைக்கிறது, எந்தக் கப்பலில் குடிதண்ணீர் நாறுகிறது என்கிற செய்தி எல்லாம் அந்த மேசையில்தான் கைமாறும். போசனைப் போன்ற மூத்தவர்களைச் சின்னவர்கள் 'குயா' என்று கூப்பிடுவார்கள், அண்ணன் என்று அர்த்தம். குயா சொன்னால் அதற்குப் பள்ளிக்கூடத்துப் பாடத்தைவிட மதிப்பு.

அந்த மேசையில்தான் எங்கள் ஏ.பி.க்கு ஒரு பாடம் கிடைத்தது. ஃபீடர்களில் பெட்டிகளைக் கம்பி போட்டு இறுக்குகிற, அவிழ்க்கிற லாஷிங் வேலையை நெடுங்காலமாகக் கப்பல் ஆட்களே செய்து வந்தார்கள். துறைமுகத் தொழிலாளி செய்ய வேண்டிய வேலை அது, கப்பல்காரன் தலையில் கட்டக் கூடாது என்று தொழிற்சங்கங்கள் வருடக்கணக்கில் போராடி, 2020 ஜனவரி 1 முதல் ஐ.டி.எஃப். (சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு) கூட்டு ஒப்பந்தங்களில் கடுமையான பிரிவைக் கொண்டுவந்தன. அந்த ஒப்பந்தத்துக்கு உட்பட்ட கப்பலில்தான் அது பொருந்தும். எங்கள் கப்பலுக்கு இல்லை. பால்டிக் துறைமுகம் ஒன்றில் பனி உறைந்த லாஷிங் பாலத்தில் நள்ளிரவில் நின்று அந்தப் பையன் கம்பியை முறுக்கும்போது, கம்பி நழுவி இடது கை மோதிர விரல் நசுங்கியது. பதினாறு அடி நீளக் கம்பி, கையுறைக்குள் விரல் மரத்துப்போயிருந்த நேரம். கட்டுப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு நாள் வேலை செய்தான். டாக்டரிடம் போனால் 'பிரச்சினை பண்ணுகிறவன்' என்று பெயர் வந்துவிடும், அடுத்த கான்ட்ராக்ட் கிடைக்காது என்று பயம்.

அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று தெரிய, அவன் எப்படி இந்த வேலைக்கு வந்தான் என்று சொல்ல வேண்டும். மணிலாவில் எர்மிட்டா பகுதியில் டி.எம். கலாவ் தெரு இருக்கிறது. ஏஜென்சிகளின் ஆட்கள் நடைபாதையில் நின்று வேலைப் பலகை பிடிப்பார்கள், சான்றிதழ் உறையைக் கக்கத்தில் இடுக்கிய மாலுமிகள் காலையில் இருந்து கூடி நிற்பார்கள். கடல்சார் படிப்பு முடித்த பையனுக்கு முதல் கப்பல் கிடைப்பது லேசான காரியம் இல்லை. அதற்காக ஏஜென்சி அலுவலகங்களில் 'யுடிலிட்டி' என்ற பெயரில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறார்கள். எங்கள் பையன் பதினான்கு மாதம் அப்படி இருந்திருக்கிறான். அலுவலகம் கூட்டினான், அதிகாரிகளுக்குச் சாப்பாடு வாங்கி வந்தான், ஒருவருடைய காரைக் கழுவினான், அவர் பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டான். வேலை தேடித் தர மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. காசு வாங்கவில்லை, பதினான்கு மாத உழைப்பை வாங்கிக்கொண்டார்கள். அந்த அலுவலகத்தைப் பகைத்துக்கொள்ள அவனுக்கு எப்படித் துணிச்சல் வரும்?

மேசையில் போசன் அந்தக் கையைப் பிடித்துக் கட்டைப் பிரித்துப் பார்த்தார். நகத்துக்குக் கீழே கறுத்திருந்தது. அப்புறம் எல்லோரும் கேட்கும்படி அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தார். டாக்டரிடம் போ, எக்ஸ்ரே எடு. வீட்டுக்கு அனுப்பினால், இறங்கும் காகிதத்தில் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. 'கான்ட்ராக்ட் முடிந்தது' என்று எழுதியிருந்தால் போடாதே, 'மருத்துவக் காரணம்' என்று இருக்க வேண்டும். மணிலாவில் இறங்கியதும் மூன்று வேலை நாளுக்குள் கம்பெனி சொல்கிற டாக்டரிடம் பரிசோதனைக்குப் போய் நிற்க வேண்டும், நாலாவது நாள் போனால் உன் உரிமையே போய்விடும். போனதற்குத் தேதி போட்ட முத்திரை வாங்கு. சிகிச்சை நடக்கும்போது 120 நாள் வரை பேசிக் சம்பளம் தர வேண்டும்.

பக்கத்துக் கப்பல்காரர் ஒருவர் குறுக்கிட்டார். இப்போதுதான் மாலுமிகள் மகாசாசனம் என்று எங்கள் நாட்டில் சட்டம் வந்துவிட்டதே, 2024 செப்டம்பரில் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டாரே என்றார். போசன் தலையை ஆட்டினார். நல்லது பல இருக்கிறது, ஆனால் வழக்கில் ஜெயித்த தொகையை, கம்பெனி மேல்முறையீடு போயிருக்கும்போது கையில் வாங்க வேண்டுமென்றால் மாலுமியே பிணை கட்ட வேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டார்களே, விரல் போனவன் பிணைக்கு எங்கே போவான் என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நாற்பது நிமிடம் நடந்த அந்தப் பேச்சைப் போல ஒன்றை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்டதில்லை. கப்பலின் மெஸ் ரூமில் அதைப் பேச முடியாது, அங்கே சுவருக்குக் காது உண்டு.

கிளப் ஆட்கள் இந்த விஷயத்தில் எவ்வளவு உதவுவார்கள் என்றால், கேட்டால் கைவிட மாட்டார்கள். 2019ல் நான் இருந்த வேறொரு கப்பலில் இரண்டு மாதச் சம்பளம் யாருக்கும் வரவில்லை. கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆயிலரின் மனைவி அரிசிக் கடையில் கடன் சொல்லிவிட்டு அழுத குரலை அவர் போனில் நானும் கேட்டேன். டக்டால்பென்னில் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் ஆயிலர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண் காகிதம் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார், ஐ.டி.எஃப். ஆய்வாளரின் எண்ணைக் கொடுத்தார், பேசவும் தனி அறையைத் திறந்துவிட்டார். அடுத்த தடவை கப்பல் வந்தபோது ஆய்வாளர் காங்வேயில் ஏறினார். பத்து நாளில் பாக்கிச் சம்பளம் வந்தது. அதோடு கதை முடிந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அந்த ஆயிலரையும் இன்னும் மூன்று பேரையும் அந்த ஏஜென்சி மறுபடி கூப்பிடவில்லை. கிளப்பால் சம்பளத்தை வாங்கித் தர வழி காட்ட முடிகிறது. அடுத்த கான்ட்ராக்ட்டைக் காப்பாற்ற அவர்களிடம் அதிகாரம் இல்லை. புகார் சொல்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டே சொல்ல வேண்டும்.

2020ல் கோவிட் வந்தபோது உலகம் முழுக்க நாலு லட்சம் பேர் கான்ட்ராக்ட் முடிந்தும் கப்பலிலேயே மாட்டிக்கொண்டோம். ஹாம்பர்க்கில் இறங்க அனுமதி இல்லை. கிளப் எங்களைத் தேடி வந்தது. பட்டியலைப் போனில் வாங்கிக்கொண்டு, கடைக்குப் போய் வாங்கி, காங்வேயின் அடியில் பெட்டிகளை வைத்துவிட்டு, தள்ளி நின்று கையசைத்தார்கள். பன்னிரண்டு மாதம் மண்ணை மிதிக்காத ஒரு ஃபிட்டர் அந்த அட்டைப் பெட்டியைத் தூக்கும்போது முத்தம் கொடுத்தார்.

இப்போதெல்லாம் கப்பலிலேயே இன்டர்நெட் வந்துவிட்டதே, இனி கிளப் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். 2024 டிசம்பர் முதல், முடிந்த வரைக்கும் கப்பலில் இணைய வசதி தர வேண்டும், கட்டணம் வாங்கினாலும் நியாயமாக வாங்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டிருக்கிறது. எங்கள் கப்பலில் மாதத்துக்குக் கொஞ்சம் இலவசம், அது தீர்ந்தால் கார்டு வாங்க வேண்டும். மகளின் பிறந்தநாளுக்கு வீடியோவில் பேசினால் பத்தாம் தேதியே தீர்ந்துவிடும். அதைவிட, கேபினில் போன் பேசும்போது வேலையும் கூடவே இருக்கிறது. இன்ஜின் அதிர்வு காலுக்கடியில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் ஸ்பீக்கர் கூப்பிடும். டக்டால்பென்னில் தரை ஆடாது. ஒருவன் தன் மனைவியோடு பேசுகிற குரலே அங்கே வேறு மாதிரி இருக்கும், நான் கவனித்திருக்கிறேன்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கப்பலைக் கரையில் கட்டியதும் கேப்டனிடம் அடுத்த நகர்த்தல் எத்தனை மணிக்கு, எந்த முனையத்துக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டு, அப்புறம் போன் செய்யுங்கள். வேன் திரும்ப எந்த இடத்தில் விட வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. ஆபீசர்களாகப் போகிற தம்பிகளுக்கு: மூன்று மணி நேரம் கரைக்குப் போக உங்கள் ஆயிலருக்கோ இன்ஜின் ரூம் துடைக்கும் வைப்பருக்கோ நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவருடைய வாட்சை, அதாவது அவருடைய முறை வேலையை, நீங்கள் பாருங்கள். நான் நாலு தடவை அப்படிப் பார்த்தேன், இன்னும் அதிகம் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பையனுக்கு எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரிந்தது. ஹாம்பர்க்கிலேயே இறக்கினார்கள். இறங்கும் காகிதத்தில் முதலில் 'கான்ட்ராக்ட் முடிந்தது' என்றுதான் அச்சாகி வந்தது. அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மாற்றித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறான். கேப்டன் நல்ல மனிதர், மாற்றிக் கொடுத்தார். விமான நிலையத்துக்குப் போகும் வழியில், அம்மாவுக்கும் தங்கைக்கும் சாக்லேட் வாங்க ஐந்து நிமிடம் டக்டால்பென்னில் நிறுத்தச் சொன்னானாம்.

எட்டு நாள் கழித்து, நாங்கள் கீல் கால்வாயில் இருக்கும்போது என் போனுக்கு ஒரு படம் வந்தது. மணிலாவில் பரிசோதனைக்குப் போன தாள், மேலே மருத்துவமனை முத்திரை, முத்திரைக்குள் தேதி. இறங்கிய மறுநாள். போசனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்தத் தேதியை இரண்டு தடவை படித்துவிட்டு, "தம்பி இரண்டு நாள் மிச்சம் வைத்துப் போய்விட்டான், செகண்ட்" என்றார்.